பிள்ளை எந்தப் பள்ளிக்கு? – வன்னி மண்ணிற் சமயமும் கல்வியும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் வன்னியர்களின் வீரத்தையும், குளங்களின் பழமையையும், காட்டின் வளத்தையும் விரித்துரைத்திருக்கின்றனர். 1803 ஆம் ஆண்டிற் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய செய்தி பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். 1895 இல் வெளிவந்த, ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி எழுதிய வன்னி பற்றிய கைந்நூல் ஆராய்ச்சியாளர் கையில் இன்றும் புரள்கின்றது. ஆயினும், இந்தக் காட்டு நடுவே வாழ்ந்த கமக்காரன் ஒருவன் தன் பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்பினான், யாருடைய சொற்கேட்டு அனுப்பினான், அனுப்ப மறுத்தபோது அதற்கு என்ன விலை கொடுத்தான் என்று கேட்டோர் மிகச் சிலரே. மூன்று நூற்றாண்டுக்கு மேலாக ஓயாத வழக்கு இது. கிறிஸ்தவக் குடும்பங்களையே அது முதலிலும் ஆழமாகவும் தொட்டது. ஏனெனில், அவர்களுக்குக் கோயிலும் பள்ளியும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன.

1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த ஒல்லாந்தர், கத்தோலிக்க குருமாரை நாட்டைவிட்டுத் துரத்தினர். கத்தோலிக்க ஆலயங்களைத் தம் சீர்திருத்தச் சபைக்குரியனவாக்கினர். கோயிற்பற்றுத் தோறும் பள்ளி நடந்தது. அங்கே உபாத்தியாயர் எழுத்துச் சொல்லிக்கொடுப்பவர் மட்டுமல்லர். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம் ஆகியவற்றைத் தோம்பிற் பதிபவரும் அவரே. தோம்பிற் பெயரில்லாதவனுக்குத் திருமணப் பதிவும் இல்லை, முதுசச் சொத்தில் உரிமை நாட்டுவதும் அரிது, உத்தியோகமோ கனவு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. கட்டாயக் கல்வி என்பதை இந்நாட்டில் முதன்முதலில் நடைமுறைப்படுத்தியவர் ஒல்லாந்தர் என்று புகழ்வாரும் உளர். அந்தக் கட்டாயம் கல்விக்காகவா, கணக்கெடுப்புக்காகவா, சமயத்துக்காகவா என்பதைப் புகழ்வோர் பிரித்துப் பார்ப்பதில்லை.

மக்கள் இதற்கு இருவகையில் விடையளித்தனர். ஒரு சாரார் பகலிற் பள்ளியிலே ஒல்லாந்தரின் வினாவிடையை ஒப்புவித்து, இரவில் வீட்டிலே திருநீறு பூசினர். இவர்களை ‘அரசாங்கக் கிறிஸ்தவர்’ என்று பின்வந்த பாதிரிமார் ஏளனமாகக் குறித்தனர். ஏளனத்துக்கு உரியவர் அப்படி வாழ வைத்தவரா, வாழ்ந்தவரா என்பது வேறு விடயம். ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும் தோம்பிலிருந்த கிறிஸ்தவர் தொகை வெயிலிற் பனிபோலக் கரைந்தது.

மற்றொரு சாரார் கத்தோலிக்கர். 1670 ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் மரியன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுவழியே வந்து மருதமடுவிற் குடியேறின என்பது வழிவழிச் செய்தி. வன்னிக் காடுகளில் ஒல்லாந்தரின் கை முழுமையாக எட்டவில்லை. அங்கே யானைத் திறை கொடுத்த வன்னியர்களின் ஆட்சி நடந்தது. ஆதலால் காடு அரணாயிற்று. 1687 இல் கோவையிலிருந்து ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் வந்திறங்கிய யோசப் வாஸ் அடிகள் வரும்வரை அம்மக்களுக்குக் குருவானவரே இல்லை. 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய நூல்களே பின்பு குருவில்லாக் கிராமங்களின் பாடநூல்களாயின. மூப்பரும் உபதேசியாரும் செபங்களைப் பாடம் சொல்லிக் கொடுத்தனர். பிள்ளைகள் கேட்டுக் கேட்டு மனத்திற் பதித்தனர்.

ஈண்டு ஒரு கசப்பான உண்மையைச் சொல்லாமல் அப்பாற் செல்லல் ஆகாது. மடுவின் வரலாற்றைப் பக்தியோடு எழுதுவோர் அந்த இருபது குடும்பங்களின் விசுவாசத்தைப் போற்றுகின்றனர், போற்றத் தகுந்ததே. ஆனால் பள்ளியையும் எழுத்தையும் விட்டுக் காட்டுக்குள் நடந்த அக்குடும்பங்களின் பிள்ளைகளிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. பெற்றோரின் மனச்சாட்சிக்குப் பிள்ளைகளே விலை கொடுத்தனர். அந்த விலையைக் கொடுக்குமாறு ஒரு குடியை நெருக்கிய அரசே முதற் குற்றவாளி என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், பிள்ளையின் கல்வியைச் சமயத்தின் பேராற் பெற்றோர் எவ்வளவு தூரம் துறக்கலாம் என்னும் வினா அந்தக் காட்டு வழியிலேயே தொடங்கிவிட்டது.

ஆங்கிலேயர் காலத்தில் வினா உருமாறிற்று. 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பள்ளிகளைத் தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824 இல் உடுவில் மகளிர் விடுதிப்பள்ளியும் எழுந்தன. இங்கே தண்டப்பணம் இல்லை. சோறும் துணியும் ஆங்கிலமும் இருந்தன. சைவப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினர். ஆனால் மிஷன் வளவிற் சமைத்ததை உண்ணலாகாதென்றனர். ஆதலால் தொடக்க நாட்களில் அயலிலுள்ள சைவரின் காணியிலே சமையற் கொட்டில் போட வேண்டியதாயிற்று. எழுத்து வேண்டும், தீட்டு வேண்டாம் என்னும் இந்த ஏற்பாட்டைப் பார்த்து நகைப்பது எளிது. அந்தப் பெற்றோர் தம் மனச்சாட்சிக்கும் பிள்ளையின் எதிர்காலத்துக்கும் இடையே ஒரு வேலியளவு இடத்தைக் கண்டுபிடித்தனர் என்றும் சொல்லலாம். அந்த மனச்சாட்சிக்குள் சாதியும் கலந்திருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விடுதியிற் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கக் கொடையாளரின் பெயர்களே பிள்ளைகளுக்கும் சூட்டப்பட்டன. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளையின் பெயருக்கு முன்னே ‘சார்ள்ஸ் வின்ஸ்லோ’ என்று நின்றது இவ்வழக்கின் எச்சமே. அவரும் கறொல் விசுவநாதபிள்ளையுமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளை பிற்காலத்திற் சைவராகவே வாழ்ந்தார், கலித்தொகையைப் பதிப்பித்தார். மிஷன் கொடுத்த பெயரை அவர் மறந்தாலும் மிஷன் கொடுத்த கல்வியை மறக்கவில்லை. மிஷனரிமாரின் கணக்கில் இது தோல்வி. தமிழின் கணக்கில் இலாபம்.

இதன் பின்னர் வந்த இருவரை ஒருங்கே வைத்து நோக்குதல் வேண்டும். ஒருவர் ஆறுமுக நாவலர். வெஸ்லியன் மிஷனின் பள்ளியிலே கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்து, 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தவர். மற்றவர் கிறிஸ்தோபர் பொஞ்சீன் ஆண்டகை. பிரான்சிலிருந்து வந்த அமலமரித் தியாகிகள் சபைத் துறவி. 1868 முதல் யாழ்ப்பாணக் கத்தோலிக்கருக்குத் தலைமை தாங்கியவர். மடுவிற் புதிய ஆலயத்துக்கு 1872 இல் அடித்தளமிட்டவர். சமயத்தில் இவ்விருவருக்கும் எட்டாத் தூரம். ஆயினும், தன் சமயத்துப் பிள்ளை பிறசமயத்தார் பள்ளியில் அமரலாகாது. பள்ளி என்பது சமயத்தின் வீட்டு முற்றம் என்ற கொள்கையில் இருவரும் ஒரே கரையில் நின்றனர்.

பொஞ்சீன் இதனை அரசாங்கக் கொள்கையாகவே ஆக்கிக் காட்டினார். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒருங்கே கற்கும் பொதுப்பள்ளி யாருடைய மனச்சாட்சியையும் நிறைவு செய்யாது. ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் பள்ளியை நடத்தட்டும், உலகியற் பாடங்களின் பெறுபேற்றுக்கு மட்டும் அரசு நன்கொடை அளிக்கட்டும் என்பது 1860 ஐ ஒட்டி அவர் எழுதிய பிரசுரங்களின் சாரம். மோர்கன் குழுவின் அறிக்கை 1867 இல் வந்தது; 1869 இற் பொதுப்போதனைத் திணைக்களம் எழுந்தது; உதவி நன்கொடை முறை நிலைபெற்றது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இலங்கைக் கல்வி நடந்த தடம் இதுவே. அதற்கு வழி வகுத்தவருள் ஒருவர் நம் வடபுலத்திலிருந்து எழுதியவர் என்பதை நம்மவர் அறிந்திலர்.

கொள்கை அழகானதே. வன்னியில் அது எவ்வாறு நடந்தது? மலேரியாவும் காட்டு விலங்கும் மலிந்த, நாலைந்து குடிசைக்கு ஒரு கிராமம் என்று சிதறிக்கிடந்த நிலத்தில் ஒவ்வொரு சமயத்துக்கும் ஒரு பள்ளி என்பது ஏட்டுச் சுரைக்காய். மிஷன்களின் செல்வமும் ஆட்பலமும் குடாநாட்டிலேயே குவிந்தன. 1890 களில், உதவி பெறும் பள்ளியொன்றிலிருந்து கால் மைலுக்குள் எழும் புதுப்பள்ளிக்கு நன்கொடை இல்லையென விதி வந்தபோது குடாநாட்டிலும் தெற்கிலும் பெருஞ்சண்டை மூண்டது. வன்னிக் கமக்காரனுக்கு அந்தச் சண்டை விளங்கியிராது. அவனுக்குக் கால் மைலில் அல்ல, பல மைலிலும் ஒரு பள்ளி இருந்தாற் பெரிது. இருக்கும் ஒரே பள்ளி கத்தோலிக்கப் பள்ளியாயின் சைவப் பிள்ளையும் அங்கேதான் ‘பரமண்டலங்களிலிருக்கிற’ தந்தையைக் கைகூப்பி வணங்கியது. சைவப் பள்ளியாயின் கத்தோலிக்கப் பிள்ளை தேவாரத்துக்கு எழுந்து நின்றது. தெரிவு செய்யும் உரிமை, தெரிவதற்கு இரண்டாவது பொருள் உள்ளவனுக்கே உரிமை.

1920 ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் மனச்சாட்சிப் பிரிவொன்றைச் சேர்த்தது. பெற்றோர் விரும்பினாற் சமய பாடத்தினின்றும் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். இங்கிலாந்து 1870 இலேயே இதனைச் சட்டமாக்கிவிட்டது. குடியேற்ற நாட்டுக்கு அரை நூற்றாண்டு பிந்தி வந்தது. கைநாட்டு வைக்கும் தகப்பன், உபாத்தியாயருக்கும் மனேஜருக்கும் முன்னே நின்று “என் பிள்ளைக்கு உங்கள் சமயம் வேண்டாம்” என்று சொல்வானா? சட்டம் எழுதியவர்கள் கைநாட்டுக்காரனைக் கண்டிருக்கமாட்டார்கள்.

மனச்சாட்சி என்னும் சொல் எப்போதும் தூய கரங்களில் இருந்ததுமில்லை. 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில், உதவி பெறும் பள்ளிகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்குமாறு அரசு பணித்தபோது, குடாநாட்டிற் சாதிமான்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினர். பள்ளிக் கொட்டில்கள் தீக்கிரையாயின. அவர்களும் பெற்றோரின் உரிமையையே பேசினர். கிறிஸ்தவக் குடும்பங்களும் இதற்குப் புறம்பானவையல்ல. ஒரே அப்பத்தைப் பகிர்ந்தவர்கள் ஒரே வாங்கைப் பகிர மறுத்த கதை நம்மிடம் உண்டு. மறுபுறம், கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த ஹண்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் வழியே தீண்டாமையை எதிர்த்தார். பின்னாளிற் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கு அதிபருமானார். தன் பிள்ளைக்காகத் தான் துன்பம் ஏற்கும் பெற்றோன் வேறு. அயலான் பிள்ளையை வெளியே நிறுத்தும் பெற்றோன் வேறு. இருவருக்கும் ஒரே சொல்லை வழங்குவது மொழியின் வறுமை.

இதற்கிடையில் வன்னியின் முகமும் மாறிற்று. இரணைமடுக் குளம் எழுந்தது. 1930 களின் நடுவிற் கிளிநொச்சியிலே குடியேற்றம் தொடங்கியது. காணியற்ற குடாநாட்டார் வந்தனர். சைவரோடு கத்தோலிக்கரும் புரொட்டஸ்தாந்தரும் வந்தனர். காடு வெட்டிய கையோடு கோயிலும் பள்ளியும் கேட்டனர். 1945 ஒக்டோபர் முதல் நாள் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, அதன் முழுப்பயனை உணர்ந்தோர் இத்தகைய குடியேற்றவாசிகளே.

பின்பு 1960 வந்தது. அயலிற் கேரளத்தில் நடந்ததை இங்கே நினைத்தல் தகும். 1957 இற் பதவியேற்ற நம்பூதிரிப்பாட் அமைச்சு தனியார் பள்ளிகளை ஒழுங்குசெய்யக் கல்வி மசோதா கொண்டுவந்தது. கிறிஸ்தவ சபைகளும் நாயர் சங்கமும் கிளர்ந்தன. 1959 யூலை 31 இல் அமைச்சே கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இலங்கையிற் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தையும், 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டத்தையும் நிறைவேற்றிற்று. சுமார் 2,500 உதவி பெறும் பள்ளிகள் அரசின் கீழ் வந்தன. கத்தோலிக்கப் பெற்றோர் தீவின் பல இடங்களிற் பள்ளிகளுக்குள் நுழைந்து இரவுபகலாகக் காவலிருந்தனர். தாய்மார் கைக்குழந்தைகளோடு வகுப்பறைத் தரையிற் படுத்தனர். பம்பாயிலிருந்து கர்தினால் கிறேஷியஸ் 1961 சனவரியில் வந்து பேசிய பின்னரே அவர்கள் வெளியேறினர். கேரளத்திற் சபை வென்றது. இலங்கையில் அரசு வென்றது.

அரசு செய்தது சரியா? பள்ளிக்குப் பணம் பொதுமக்களுடையது. ஆசிரிய நியமனமோ மனேஜரின் விருப்பம். வேலைக்காக ஞானஸ்நானம் பெற்ற ஆசிரியர் கதைகள் வடபுலத்திற் குறைவல்ல. சைவ வித்தியா விருத்திச் சங்கம் 1923 இல் தோன்றியதற்கும் அந்த அவமானம் ஒரு காரணம். அந்த நியமன அதிகாரத்தை முறித்தது நீதியே என்பது என் துணிபு. ஆயினும், வகுப்பறைத் தரையிற் படுத்த தாய்மாரைப் ‘பாதிரிமாரின் பொம்மைகள்’ என்று முற்போக்காளர் சிலர் அன்று இகழ்ந்ததை ஏற்க முடியாது. அவர்கள் மடுக்காட்டுக்கு நடந்தவர்களின் வழித்தோன்றல்கள். அரசு பள்ளியைக் கைப்பற்றினால் அடுத்து என்ன வரும் என்பது அவர்களின் குடும்ப நினைவில் இருந்தது. அமெரிக்காவின் ஒறெகன் மாநிலம் எல்லாப் பிள்ளைகளும் அரசுப்பள்ளிக்கே செல்ல வேண்டுமெனச் சட்டமியற்றியபோது, பிள்ளை அரசின் வெறும் படைப்பன்று என்ற கருத்தில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1925 இல் அதனைத் தள்ளிற்று. அந்தக் கருத்தில் ஓர் உண்மை உண்டு. பிள்ளை பெற்றோரின் வெறும் உடைமையுமன்று என்பது அதன் மறுபாதி; அதனை எந்த நீதிமன்றமும் அவ்வளவு உரத்துச் சொல்லவில்லை.

பெரிய கல்லூரிகள் கட்டணம் அறவிடாத தனியார் பள்ளிகளாக நிற்க இடமிருந்தது. யாழ்ப்பாணக் கல்லூரி, சென் ஜோன்ஸ், புனித பத்திரிசியார் கல்லூரி என்பன அவ்வாறு நின்றன. அவையெல்லாம் குடாநாட்டில். வன்னியின் ஓலைக்கூரைப் பள்ளிகளுக்கு அப்படியொரு தெரிவு எட்டாதது. அவை அரசின் கைக்குச் சென்றன. பெயரில் மட்டும் பழமை எஞ்சிற்று. மன்னாரிலிருந்து முல்லைத்தீவுக் கரைவரை இன்றும் சில பள்ளிப் பலகைகளில் ‘றோ.க.த.க.’ என்ற எழுத்துக்களைக் காணலாம். றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன் என்பது அதன் விரிவு. அங்கே படிக்கும் பிள்ளைகளிற் பலருக்கு அந்த விரிவு தெரியாது.

2009 ஆம் ஆண்டோடு முடிந்த போர் இப்பள்ளிகள் பலவற்றை இடித்தது, மீண்டும் கட்டினார்கள். இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களிற் சில வேறு சபைகளிற் சேர்ந்தன. தந்தை சைவர், தாய் கிறிஸ்தவர் என்ற வீடுகளும் உள. க.பொ.த. சாதாரண தரத்திற் சமயம் கட்டாய பாடம். சைவநெறியா, கத்தோலிக்க திருமறையா, கிறிஸ்தவமா என்று ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். சைவநெறி வகுப்புக்கு அறையும் ஆசிரியரும் இருப்பர். நாலைந்து கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியர் கிடைப்பது அரிது. ஆதலால் அவர்கள் அந்தப் பாடவேளையிற் புத்தகத்தோடு வேப்பமர நிழலுக்குச் சென்று தாமே படிக்கின்றனர். ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் கேட்டுக்கொள்கின்றனர். ஞாயிறு காலையில் கணித, விஞ்ஞானத் தனியார் வகுப்புகளும் நடக்கின்றன. எதற்குப் போவது என்பதை ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் வீட்டிலே பேசி முடிவு செய்கின்றனர். பெரும்பாலும் தாய்மாரே பேசுகின்றனர். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளோ இப்போது மறுமொழியும் சொல்லத் தொடங்கியிருக்கின்றனர்.