பஸ்ஸில் பாடிய பாட்டும் பஸ்ஸில் சொன்ன சொல்லும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணையில் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனோம். பஸ் பாலாவியைத் தாண்டுவதற்குள் பின் சீட்டில் பாட்டு தொடங்கிவிட்டது. ஜிப்ஸீஸ் பாட்டு. 'குருமிட்டோ', 'லுனு தெஹி', 'அங்கிள் ஜோன்சன்'. சிங்களப் பாடத்தில் இருபது புள்ளி எடுக்கக் கஷ்டப்படும் பிள்ளைகள்கூட ஒரு சொல் பிசகாமல் பாடினார்கள். சீட்டின் முதுகுதான் மேளம், தண்ணீர்ப் போத்தல்தான் தாளம்.

பஸ் சிலாபத்துக்குக் கிட்ட வரும்போது அதே பின் சீட்டில் வேறொரு சத்தம். சுருள்முடியும் கறுத்த நிறமுமான ஒரு பிள்ளையை "காப்பிலி, காப்பிலி" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு பாடவில்லை.

ஆசிரியர்கள் நாங்கள் நாலு பேர் முன்னால் இருந்தோம். எல்லாருக்கும் கேட்டது. ஒருவரும் எழும்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பாட்டு ஆகுமா ஆகாதா என்ற வாதத்துக்கு நாங்கள் வரவில்லை. அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இது வரலாறு. அதுவும் எங்கள் ஊர் வரலாறு.

2021 செப்டம்பர் 6ஆம் திகதி ஜிப்ஸீஸ் குழுவின் பாடகர் சுனில் பெரேரா காலமானார். கொவிட் காலம், நாடே வீட்டுக்குள் முடங்கியிருந்தது. அந்த நாட்களில் எங்கள் வட்ஸ்அப் குழுவிலும் அவருடைய பாட்டுகள்தான். அதில் ஒரு வேடிக்கை நடந்தது. இளம் ஆசிரியர்கள் அரசியலைக் கிண்டலடிக்கும் பிந்திய பாட்டுகளைப் போட்டார்கள். ஓய்வுபெற்ற மூத்தவர்களோ 'லிண்டா'வைப் போட்டார்கள். "இதுவும் ஜிப்ஸீஸா?" என்று இளையவர்கள் கேட்டார்கள். "இதுதான் ஜிப்ஸீஸ்" என்று மூத்தவர்கள் சொன்னார்கள்.

இரண்டு பக்கமும் சரிதான். ஜிப்ஸீஸ் 1970இல் மொறட்டுவையில் தொடங்கிய குழு. தொடங்கியவர் தகப்பன் அன்டன் பெரேரா, வாசித்தவர்கள் அவருடைய ஆண்மக்கள். கிற்றாரும் டிரம்ஸும் வைத்து மேல்நாட்டுப் பாட்டுகளைப் பாடிய வாலிபர்கள் அவர்கள். 1971இல் சூரியா நிறுவனத்தின் இசைத்தட்டில் வந்த 'லிண்டா'தான் அவர்களை நாடு முழுக்கக் கொண்டுபோனது. அதற்கு முன்னரே, 1966இல், கிளரன்ஸ் விஜேவர்தனவும் அன்னஸ்லி மாலேவனவும் சேர்ந்த மூன்ஸ்டோன்ஸ் குழு சிங்களப் பாட்டுக்கு மின்சாரக் கிற்றாரைக் கொண்டுவந்திருந்தது. அந்த அலையில் வந்தவர்களில் ஒருவர்தான் சுனில். வேற்றுக்கிரகத்து ஆளை இறக்கி நாட்டு நடப்பைக் கேள்வி கேட்க வைத்த 'குருமிட்டோ' பிற்காலத்து ஜிப்ஸீஸ். ஐம்பது வருடம் ஓடிய ஒரு குழுவுக்கு ஒரே முகம் இருக்க முடியாது. கடைசியாகக் கேட்டதை மட்டும் வைத்து ஒரு குழுவை அளந்தால் பாதிக்கு மேல் தவறிப்போகும்.

ஆனால் எங்கள் மூத்தவர்களும் 1971லேயே நின்றுவிட்டார்கள். பழசைத் தேடுகிறவர் உண்மையான ரசிகர் என்றால், இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜிப்ஸீஸை எல்லாரும் எழும்பி ஆடும் குழுவாக ஆக்கியது பைலாத் தாளம். அதை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுக்கு முன் அதே மொறட்டுவையில் 'பைலாச் சக்கரவர்த்தி' என்று பெயர் வாங்கிய எம்.எஸ். பெர்னாண்டோ இருந்தார். அவருக்கும் முன்னால் வொலி பஸ்டியன். பொலிஸில் வேலை செய்த மனிதர், சிங்களத்தில் பைலாவை மேடைக்குக் கொண்டுவந்தவர், பைலாவின் தந்தை என்று இன்றும் சொல்லப்படுபவர். இரண்டு பாடகர்கள் எதிரெதிரே நின்று அந்த இடத்திலேயே கட்டிப் பாடிப் போட்டி போடும் 'வாத பைலா' அந்தக் காலத்துச் சரக்கு. தமிழுக்கும் அந்தத் தாளம் வந்தது. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' எந்தத் தாளம் என்று நினைக்கிறீர்கள்? 2018இல் அவர் சென்னையில் மௌத்தானபோது தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் முதலில் எழுதியது அந்தப் பாட்டைத்தான்.

மேசையில் கை வைத்துத் தட்டிப் பாருங்கள். ஒன்று இரண்டு மூன்று, நாலு ஐந்து ஆறு. ஒன்றிலும் நாலிலும் அழுத்தம் கொடுங்கள். கொஞ்சம் வேகமாக்குங்கள். உங்கள் கால் தானாக ஆடினால் அதுதான் பைலா. ஆறு எண்ணிக்கையை மூன்று மூன்றாகப் பிரிக்கும் தாளம்.

இந்தத் தாளம் எங்கிருந்து வந்தது? 'பைலா' என்ற சொல்லே போர்த்துக்கேய மொழியில் 'ஆடு' என்ற வினையிலிருந்து வந்தது. போர்த்துக்கேயரிடமிருந்து நாங்கள் வாங்கிய சொற்கள் கொஞ்சமல்ல. அலமாரி, மேசை, ஜன்னல், சாவி, பாண், துவாய், சப்பாத்து, பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் வாங்கு, எல்லாம் அவர்கள் விட்டுப்போனவை. பைலாவும் அந்தப் பட்டியலில் ஒன்று.

ஆனால் பைலாவுக்கு இன்னொரு பழைய பெயர் உண்டு: கபிரிஞ்ஞா. மட்டக்களப்புப் பறங்கியர் கலியாண வீடுகளில் வயலின் வாசித்து ஆடும் ஆட்டத்துக்கு இன்றும் அதுதான் பெயர். அந்தச் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கடைசியில் உள்ள 'இஞ்ஞா' போர்த்துக்கேய மொழியில் செல்லமாகச் சின்னதைக் குறிக்கும் விகுதி. முன்னால் உள்ள 'கபிர்' யார்? காப்பிரி. ஆபிரிக்கர். போர்த்துக்கேயர் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய ஆபிரிக்கரின் ஆட்டம் என்பதால் அந்தப் பெயர்.

பஸ்ஸில் பாடிய பாட்டின் பிறப்புப் பத்திரத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதே பெயரைச் சொல்லித்தான் எங்கள் பிள்ளைகள் ஒருவனைக் கிண்டலடித்தார்கள்.

இனி அந்த மனிதர்களின் கதை.

ஆபிரிக்கர் இலங்கைக்கு வந்தது போர்த்துக்கேயருடன் தொடங்கவில்லை. 1344இல் இப்னு பதூதா இந்தத் தீவுக்கு வந்தார். அவர் கரையிறங்கிய 'பத்தாலா' எங்கள் புத்தளம்தான் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதை ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலும் பெருமையாகச் சொல்கிறோம். பாவா ஆதம் மலைக்குப் போய்விட்டுக் கொழும்புப் பக்கமாகத் திரும்பிய அவர், அங்கே கடலை ஆண்ட ஜாலஸ்தி என்ற வசீரிடம் ஐந்நூறு ஹபஷிகள் இருந்ததாக எழுதி வைத்திருக்கிறார். ஹபஷிகள் என்றால் அபிசீனியர், ஆபிரிக்கர். இந்தப் பகுதியை எந்தப் பரிசளிப்பு விழாவிலும் நாங்கள் சொன்னதில்லை.

பிறகு போர்த்துக்கேயர் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவந்தார்கள். மொசாம்பிக் பக்கத்திலிருந்து, கோவா வழியாகவும் வந்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் கொம்பனியின் அடிமைகளை இரவில் அடைத்துவைத்த இடம்தான் கொழும்பின் கொம்பனித்தெரு. ஆங்கிலேயர் ஆபிரிக்கர்களைக் கொண்டு தனிப் படைப்பிரிவுகளையே அமைத்தார்கள், கண்டி மீது போருக்கும் அனுப்பினார்கள். 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் அந்தப் படைகள் கலைக்கப்பட்டபோது ஒரு பகுதியினர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் எங்கள் நகருக்குப் பக்கத்தில், சிறாம்பியடியில் இருக்கிறார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர். வீட்டில் பேசுவது சிங்களம். கடையிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் எங்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள்.

அவர்களிடம் 'மஞ்சா' என்றொரு பாட்டு இருக்கிறது. றபான், டோலக், சிரட்டை, போத்தலில் தட்டும் கரண்டி, இவைதான் வாத்தியம். பாட்டு நாலைந்து வரிதான், திரும்பத் திரும்ப வரும். மெதுவாகத் தொடங்கும். போகப்போக வேகம் கூடும். இருந்து பாடியவர்கள் ஒவ்வொருவராக எழும்பி ஆடுவார்கள். கலியாண வீட்டில் கடைசியாக நொன்ஸ்டொப் பைலா போடும்போது என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, இது எங்கேயோ பார்த்த விஷயமாக இருக்கும். மஞ்சாவிலிருந்துதான் பைலா வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வேரின் கிளைகள். பைலா மொறட்டுவைக்குப் போய்க் கிற்றார் எடுத்துக் காசும் பெயரும் சம்பாதித்தது. மஞ்சா சிரட்டையோடு சிறாம்பியடியிலேயே இருந்துவிட்டது.

மஞ்சாப் பாட்டின் மொழி இலங்கைப் போர்த்துக்கேய கிரியோல். முன்னோர் வீட்டில் பேசிய மொழி. இன்று அது பாட்டில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாடுகிற இளையவர்களுக்குப் பல சொற்களின் பொருள் தெரியாது. பாட்டியிடம் கேட்டபடி வாயால் பாடுகிறார்கள்.

இதைக் கேட்டு "பாவம்" என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்போம். மூத்தம்மா ஓதிய அறபுத்தமிழ்க் கிதாபு அதில் இருக்கும். அறபெழுத்து, தமிழ்ப் பேச்சு. அதை வாசிக்க இன்று எங்கள் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சிலாபத்திலிருந்து நீர்கொழும்பு வரை இந்தக் கரையில் தமிழ் பேசிய எத்தனையோ மீனவக் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறைக்குள் சிங்களத்துக்கு மாறிவிட்டன. அங்கேயும் பாட்டியின் ஜெபமும் தாலாட்டும்தான் கடைசியாக மிஞ்சின. இந்தக் கரையில் மொழியைத் தொலைப்பது ஒரு சமூகத்துக்கு மட்டும் நடந்த விஷயமல்ல.

கடைசியாக அந்தச் சொல்.

காப்பிரி என்பதன் மூலம் அறபு. காபிர். கிழக்கு ஆபிரிக்கக் கரையில் வியாபாரம் செய்த அறபிகள், இஸ்லாத்தை ஏற்காத உள்நாட்டு மக்களை அப்படிச் சொன்னார்கள். போர்த்துக்கேயர் அந்தச் சொல்லை எடுத்து, பொருளை விட்டுவிட்டு, எல்லா ஆபிரிக்கருக்கும் பெயராக்கினார்கள். தென்னாபிரிக்காவில் அது வாயில் எடுக்கவே கூடாத வசையாகிவிட்டது. இங்கே அந்தச் சமூகத்தவர் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள், அது அவர்களுடைய அடையாளம், அவர்களுடைய உரிமை. ஆனால் நாங்கள் 'காப்பிலி' என்று ஒரு பிள்ளையைக் கூப்பிடும்போது அதில் அடையாளம் இல்லை. நிறத்தையும் முடியையும் பார்த்துச் சிரிப்பது மட்டும்தான் இருக்கிறது. கப்பலில் ஏற்றியவனின் சிரிப்பு அது.

எங்களுக்கு இது இரட்டைக் கடன். ஒன்று, அந்தச் சொல் எங்கள் வேத மொழியிலிருந்து போனது. இரண்டாவது, முதல் பாங்கு சொன்ன குரல் யாருடையது என்று மதரஸாவில் முதல் வருடமே படித்தவர்கள் நாங்கள். பிலால் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் ஹபஷி. அடிமையாக இருந்தவர். அவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறோம். அவர் நிறத்தைச் சொல்லிப் பக்கத்து வாங்கில் இருக்கும் பிள்ளையைக் கிண்டலடிக்கிறோம்.

ஒரு குழுவின் பழைய காலத்தைத் தேடிக் கேட்பது நல்ல பழக்கம். 'லிண்டா'வைத் தேடி எடுத்த மூத்தவர்களை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் பின்னால் போகிற அந்தப் பாதை மொறட்டுவையில் முடியவில்லை. வொலி பஸ்டியனைத் தாண்டி, பறங்கியரின் வயலினைத் தாண்டி, போர்த்துக்கேயக் கப்பலின் அடித்தட்டு வரைக்கும் போகிறது. அந்தக் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள் எங்கள் ஊர்க்காரர். பாட்டை எடுத்துக்கொண்டு ஆட்களை விட்டுவிட்டால் அது ரசனை இல்லை.

அடுத்த தவணை வரலாற்றுப் பாடத்தில் இப்னு பதூதாவைப் படிப்பிக்கும்போது ஐந்நூறு ஹபஷிகளையும் சேர்த்துப் படிப்பிப்போம் என்று நாங்கள் நாலு பேரும் பேசி வைத்திருக்கிறோம். அடுத்த சுற்றுலாவில் பின் சீட்டில் அந்தச் சொல் வந்தால் பஸ்ஸை நிற்பாட்டச் சொல்வோம். அந்தப் பிள்ளையிடம் தனியாகப் பேசி, அன்றைக்கு வாய் மூடி இருந்ததற்கு மன்னிப்பும் கேட்டுவிட்டோம். "பரவாயில்ல சேர்" என்றான். பிறகு, "சேர், மஞ்சா எங்க கேக்கலாம்?" என்று கேட்டான்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் இந்தச் சொல் புழங்கினால் இன்றோடு நிறுத்துங்கள். பிள்ளை எங்களிடம் கொண்டுவருவது வீட்டில் கேட்டதைத்தான்.

சிறாம்பியடியில் பழைய தலைமுறையோடு பழகிய ஊர்ப் பெரியவர்கள், ஒன்றாகப் படித்தவர்கள், உப்பளத்தில் ஒன்றாக வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் ஞாபகங்களை எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். நாங்கள் சேர்த்து வைக்கிறோம்.