புரத இலக்கிடல்

செல்லுக்குள் உருவாகும் ஒவ்வொரு புரதமும் தான் வேலை செய்ய வேண்டிய அறைக்குப் போய்ச் சேரும் முறைக்குப் புரத இலக்கிடல் என்று பெயர். மனித செல்லில் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, லைசோசோம், பெராக்ஸிசோம் எனச் சவ்வு சூழ்ந்த அறைகள் பல உள்ளன. புரதங்களைத் தொடுக்கும் ரைபோசோம்களோ பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில்தான் இருக்கின்றன. சொந்த டி.என்.ஏ. வைத்திருக்கும் மைட்டோகாண்ட்ரியாகூட 13 புரதங்களைத்தான் தானே செய்துகொள்கிறது. அதற்குத் தேவையான மற்றவை, ஆயிரத்துக்கும் மேல், வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

போக வேண்டிய இடம் புரதத்தின் அமினோ அமில வரிசையிலேயே குறிக்கப்பட்டிருக்கலாம் என்ற ஊகத்தை 1971-இல் குந்தர் பிளோபெலும் டேவிட் சபாட்டினியும் முன்வைத்தனர். 1975-இல் பிளோபெல், பெர்ன்ஹார்ட் டாபர்ஸ்டைனுடன் சேர்ந்து நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அதற்குச் சான்று காட்டினார். செல்லிலிருந்து பிரித்தெடுத்த பாகங்களைச் சோதனைக்குழாயில் கலந்து, செல்லைவிட்டு வெளியேறும் வகைப் புரதம் ஒன்றை அவர்கள் உருவாக்கினர். எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வு இல்லாதபோது புரதம் சற்று நீளமாக வந்தது. சவ்வைச் சேர்த்ததும் நீளம் குறைந்து, அதனுள்ளே போய் அடங்கியது. புரதம் முழுதாக உருவான பிறகு சவ்வைச் சேர்த்தபோது எந்த மாற்றமும் இல்லை. புரதம் வளரும்போதே உள்ளே நுழைகிறது, நுழைந்ததும் அதன் முனைத்துண்டு வெட்டப்படுகிறது என்பது இதனால் தெளிந்தது. இக்கண்டுபிடிப்புக்காகப் பிளோபெல் 1999-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார்.

இன்சுலின் வருவதும் இந்த வழியில்தான். முதலில் அது 110 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. நீரோடு ஒட்டாத தன்மையுள்ள முதல் 24 அமினோ அமிலங்கள் அதன் சமிக்ஞைத் துண்டு. ரைபோசோமிலிருந்து அத்துண்டு தலைநீட்டியதும், ஓர் ஆர்.என்.ஏ.வும் ஆறு புரதங்களும் சேர்ந்த துகள் ஒன்று அதைப் பற்றிக்கொள்கிறது. சங்கிலி வளர்வது சற்றே தாமதமாகிறது. ரைபோசோமைச் சவ்வின் வாயிலில் சேர்த்ததும் துகள் விலகிவிடும். சங்கிலி உள்ளே நுழையும். சமிக்ஞைத் துண்டை ஒரு நொதி அறுத்தெறியும். பிந்தைய வெட்டுகளுக்குப் பிறகு எஞ்சும் 51 அமினோ அமிலங்களே ரத்தத்தில் சேரும் இன்சுலின்.

உட்கருவுக்குள் போகும் புரதங்களின் குறிப்பில் லைசினும் ஆர்ஜினினும் மிகுதி. இக்குறிப்பு வெட்டப்படுவதில்லை. செல் பிரியும்போது உட்கரு உறை கலைந்துவிடுவதால், அப்புரதங்கள் மறுபடியும் உள்ளே போக வேண்டியிருக்கிறது. பெராக்ஸிசோமுக்கு வால்முனையில் செரின், லைசின், லூசின் என மூன்றே அமினோ அமிலங்கள் போதும்; மின்மினிப் பூச்சியின் ஒளி நொதியை ஆராய்ந்தபோது இது தெரியவந்தது. லைசோசோம் நொதிகளுக்கான அடையாளம் வேறு வகை. அவற்றின் சர்க்கரைக் கிளையில், கோல்கை உறுப்பில் வைத்து, மானோஸ்-6-பாஸ்பேட் என்ற குறி இடப்படுகிறது.

இந்தக் குறியை இட முடியாத குழந்தைகளுக்கு வருவது ஐ-செல் நோய். லைசோசோம் நொதிகள் செல்லுக்கு வெளியே கொட்டிவிடுகின்றன; செல்லுக்குள் கழிவு குவிகிறது.

முதல்வகை ஹைப்பராக்சலூரியா என்ற நோயில் நடப்பது இன்னும் விசித்திரம். சில நோயாளிகளின் கல்லீரலில் ஏ.ஜி.டி. என்ற நொதி வேலைசெய்யும் நிலையிலேயே இருக்கிறது; ஆனால் பெராக்ஸிசோமுக்குப் பதில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடுகிறது. விளைவாக ஆக்சலேட் பெருகிச் சிறுநீரகத்தில் கற்களாகப் படிகிறது.