ஹுஸைன் கானும் பத்துக் கொசுக்களும்



பனமரத்துப்பட்டி ஏரி நிரம்பினாலும் வறண்டாலும், மழை நின்ற சில நாட்களில் நம் வீடுகளுக்குள் கொசு வந்துவிடுகிறது. மலேரியாக் காய்ச்சல் கொசுக்கடியால் வருகிறது என்பதை இன்று பள்ளிச் சிறுவனும் அறிவான். ஆனால் மனித குலம் இதை ஐயமற அறிந்துகொண்டது 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்தான். அதுவரை இந்த முறைக்காய்ச்சலுக்குச் சதுப்பு நிலத்திலிருந்து எழும் காற்றே காரணம் என்று மருத்துவர்களும் நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்கே ‘கெட்ட காற்று’ என்றுதான் பொருள்.

அவர்களை எள்ளி நகையாட வேண்டியதில்லை. சதுப்பின் அருகே வசித்தோருக்குக் காய்ச்சல் வந்தது. மேட்டில் வசித்தோருக்கு அவ்வளவாக வரவில்லை. அவர்கள் கண்டது உண்மையே. கண்டதற்குக் கற்பித்த காரணமே பிழையானது. சரியான காரணம் எது என்பதைச் சோதித்து அறியும் வழியையே அறிவியல் முறை என்கிறோம்.

அவ்வழியில் முன்னே நடந்தவர்களுள் ஒருவர், கி.பி. 965-இல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைஸம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்று கிரேக்க அறிஞர் பலர் கூறியிருந்தனர். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக அவர் அதை ஏற்கவில்லை. துளையொன்றின் எதிரே பல விளக்குகளை வைத்து, இருண்ட அறையின் சுவரில் விழுந்த ஒளிப்புள்ளிகளைக் கவனித்தார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. இத்தகைய சோதனைகளைத் தம் ‘கிதாபுல் மனாளிர்’ நூலில் எழுதிவைத்தார். இன்றைய அறிவியல் முறை முழுவதையும் அவரே வகுத்துத் தந்தார் என்று மேடைகளில் சொல்லப்படுவது மிகைதான். அவருடைய பெருமைக்கு அந்த மிகை தேவையுமில்லை.

கொசுவுக்கு வருவோம். 1880-இல் அல்ஜீரியாவில் லாவெரான் என்னும் பிரெஞ்சு இராணுவ மருத்துவர், மலேரியா நோயாளியின் இரத்தத்தில் நுண்ணிய உயிரியைக் கண்டார். அது உடலுக்குள் எப்படி வந்தது? யானைக்கால் நோய்ப் புழு கொசுவினுள் வளர்வதைச் சீனாவில் கண்டிருந்த பேட்ரிக் மேன்சன், மலேரியாவுக்கும் கொசுவே காரணமாகலாம் என்று கருதினார். ஆனால் கொசு கடிப்பதால் அன்று, அது விழுந்து இறந்த நீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்பது அவருடைய ஊகம். பாதி சரி, பாதி தவறு.

அந்த ஊகத்தைச் சோதிக்க முன்வந்தவர் இந்திய மருத்துவப் பணியில் இருந்த ரொனால்டு ராஸ். 1895-இல் செகந்திராபாத்தில் பணியைத் தொடங்கினார். கொசு இறந்த நீரைச் சிலருக்குக் குடிக்கவும் கொடுத்துப் பார்த்தார் (அத்தகைய சோதனையை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது). தெளிவான விடை கிடைக்கவில்லை. சாம்பல் நிறக் கொசுக்களையும் உடலில் வரியுள்ள கொசுக்களையும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அறுத்து அறுத்துப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. இடையே விடுப்பில் நம் நீலகிரிக்கு வந்து சீகூர் மலைச்சரிவுக்குச் சென்றவரை அதே மலேரியா பிடித்துக்கொண்டது. புள்ளியிட்ட இறகுடன், சுவரில் வித்தியாசமாகச் சாய்ந்து அமரும் கொசு ஒன்றையும் அவர் அங்கேதான் கவனித்தார்.

1897 ஆகஸ்டில் அவ்வகைக் கொசுக்கள் செகந்திராபாத்தில் கிடைத்தன. அவை புழுவாக இருந்தபோதே பிடித்து வளர்க்கப்பட்டவை. ஆகவே வேறெவரையும் கடித்திருக்க வழியில்லை. 16-ஆம் தேதி, ஹுஸைன் கான் என்னும் மலேரியா நோயாளி கொசுவலைக்குள் படுத்து அவற்றுக்குத் தம் இரத்தத்தைக் கொடுத்தார். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா. பத்துக் கொசுக்களுக்குப் பத்தணா. 20-ஆம் தேதி ராஸ் அறுத்த கொசுவின் வயிற்றுச் சுவரில், கருநிறத் துகள்கள் கொண்ட வட்ட அணுக்கள் இருந்தன. மலேரியாக் கிருமியில் காணப்படும் அதே கருநிறம்! மறுநாள் அறுத்த கொசுவில் அந்த அணுக்கள் இன்னும் பெரியவையாக இருந்தன. அவை உயிருள்ளவை, வளர்கின்றவை என்பது புலனாயிற்று.

இத்துடன் அவர் நிறுத்தவில்லை. 1898-இல் கல்கத்தாவில், முஹம்மது பக்ஸ் என்னும் உதவியாளரின் துணையுடன் சிட்டுக்குருவிகளின் மலேரியாவை ஆராய்ந்தார். நோயற்ற குருவி, சிறிது நோயுற்றது, மிகுதியாக நோயுற்றது என மூன்றின் மீதும் கொசுக்களைத் தனித்தனியே விட்டார். முதல் குருவியைக் கடித்தவற்றில் அணு எதுவுமில்லை. மூன்றாவதைக் கடித்தவற்றில் மிகுதி. இறுதியில் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதைக் கண்டார். நோய் பரவுவது குடிநீரால் அன்று, கடியால் என்பது தெளிவாயிற்று. மேன்சனின் ஊகத்தில் பாதி வீழ்ந்தது, பாதி நின்றது. அதே ஆண்டில் இத்தாலியில் கிராஸியும் அவருடைய தோழர்களும் மனித மலேரியாவை அனோபிலிஸ் கொசு பரப்புவதைத் தனியே நிறுவினர்.

“இது வெறும் தியரிதானே” என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. ஊகத்துக்குப் பொருந்தும் அச்சொல் கோட்பாட்டுக்குப் பொருந்தாது. கோட்பாடு இனி நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லித் தன்னையே சோதனைக்கு உட்படுத்துகிறது. காற்று காரணமல்லவெனில், சதுப்பிலே வாழ்ந்தாலும் கொசு கடிக்காதவருக்கு நோய் வரக்கூடாதல்லவா? 1900-இல் ரோம் அருகேயுள்ள சதுப்பில், கொசு நுழையாதபடி வலையடித்த குடிசையில் இரு மருத்துவர்கள் அந்தக் காற்றையே சுவாசித்துக் கோடைக்காலத்தைக் கழித்தனர். சுற்றிலும் இருந்தோருக்குக் காய்ச்சல், அவர்களுக்கு இல்லை. அதே ஆண்டு, இத்தாலியிலிருந்து கொண்டுவரப்பட்ட நோயுற்ற கொசுக்கள், சதுப்பே இல்லாத இலண்டனில் மேன்சனின் மகனைக் கடித்தன. அவருக்குக் காய்ச்சல் வந்தது.

கடித்த பின் காய்ச்சல் வரச் சில நாட்கள் ஆவது ஏன் என்ற கேள்வி அப்போதும் எஞ்சியிருந்தது. கிருமி முதலில் கல்லீரலில் தங்கிப் பெருகுகிறது என்பது 1948-இல் கண்டறியப்பட்டது.

தமிழக நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் வகை, மூடப்படாத மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடுகிறது. மலேரியா ஆய்வில் ராஸ் ஒதுக்கிவைத்த வரிக்கொசு இனமோ, டெங்குவைப் பரப்புவது. அது பகலில் கடிக்கும். ஆகவே இரவில் கட்டும் கொசுவலை அதற்குப் போதாது.