அகர்தலா தந்த வீராங்கனை

"கரணம் தப்பினால் மரணம்" என்பது கழைக்கூத்தாடிகளின் வாழ்விலிருந்து பிறந்த பழமொழி. அலுவலகக் கணக்கொன்று பிழைத்தாலும் நாம் அதையே சொல்லிக்கொள்கிறோம். அதன் முழுப்பொருளை நினைப்பதில்லை. அப்பொருளைத் தம் உடலால் உணர்ந்த பெண்மணி ஒருவர் நம் நாட்டின் வடகிழக்கு மூலையிலே தோன்றினார். அவரே திரிபுரா மாநிலத்துத் தீபா கர்மாகர்.

அவர் 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அகர்தலாவில் பிறந்தார். தந்தையார் துலால் கர்மாகர் பளு தூக்குதலில் பயிற்சியாளர். ஆறாம் வயதில் மகளை ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்கு அனுப்பினார். ஆயின் சிறுமியின் பாதங்களோ தட்டையானவை. துள்ளி எழவும், இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்கவும் பாத வளைவு வேண்டும். ஆசிரியர் விசுவேசுவர் நந்தி இடையறாத பயிற்சியால் அக்குறையைப் போக்கப் பாடுபட்டார். கருவிகளுக்கும் பஞ்சமே, பழைய ஸ்கூட்டரின் உதிரிப் பாகங்களைக் கொண்டு தாவுவதற்குரிய சாதனம் அமைத்துக்கொண்டனர். அந்நாளில் அகர்தலாவுக்கு இரயிலும் கிடையாது. 2008இல்தான் மீட்டர் பாதை அங்கே சென்று சேர்ந்தது.

இத்தகைய ஊரிலிருந்து வந்தவர் தேர்ந்துகொண்ட கரணமோ மிகக் கொடியது. ரஷ்ய வீராங்கனை எலேனா புரோதுனோவாவின் பெயரால் வழங்குவது. விரைந்தோடி வந்து, தாவுபலகையை மிதித்து, மேசைமீது கையூன்றி எழும்பி, முன்புறமாக இரண்டு குட்டிக்கரணம் போட்டுக் காலூன்றி நிற்றல் வேண்டும். முன்நோக்கிச் சுழல்வதால் இறங்கும் தருணத்தில் தரை கண்ணுக்குப் புலப்படாது. சிறிது பிசகினாலும் கழுத்துக்கே ஆபத்து. இதனைச் செய்தே 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்றார். அப்போட்டியில் ஜிம்னாஸ்டிக்ஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே.

ஒலிம்பிக்கில் 1952, 1956, 1964 ஆகிய ஆண்டுகளில் நம் நாட்டு ஆடவர் பதினொருவர் ஜிம்னாஸ்டிக்ஸில் கலந்துகொண்டனர். பின்னர் 52 ஆண்டுகள் ஒருவரும் செல்லவில்லை. அந்நீண்ட இடைவெளியை முடித்தவர் தீபா. 2016 ஆகஸ்டு 14ஆம் நாள் ரியோ நகரில் இறுதிப் போட்டி நடந்தது. இரண்டாம் முறை தாவியபோது அக்கரணத்தையே செய்தார். இறங்குகையில் உடல் தாழ்ந்து குந்திய நிலைக்கு வந்தது. ஆயினும் எழுந்து நின்றார். சராசரி 15.066. வெண்கலம் பெற்ற சுவிட்சர்லாந்து வீராங்கனை 15.216. இடைவெளி 0.150 மட்டுமே! நான்காம் இடத்துக்குப் பதக்கம் இல்லை.

இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இங்கே ஒரு நினைவு எழுகிறது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், ஜூலை 31இல், அகர்தலாவிலிருந்து தில்லிக்கு அகலப்பாதையில் நேர் வண்டி புறப்பட்டது. வண்டி தில்லியை எட்டிய அதே ஆண்டில், அவ்வூர்ப் பெண் உலகையே எட்டிவிட்டார்.

பின்னர் வந்த காலம் எளிதன்று. 2017இல் முழங்காலில் அறுவை சிகிச்சை. 2018இல் துருக்கியின் மெர்சின் நகரில் தங்கம். 2021இல் எடுத்த பரிசோதனையில் தடைசெய்யப்பட்ட பொருள் காணப்பட்டமையால் 21 மாத விலக்கம். அறியாது உட்கொண்டதாக அவர் கூறினார். 2023இல் மீண்டு வந்து, 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசியப் போட்டியில் தங்கம் வென்றார். இந்தியர் எவரும் அதற்குமுன் பெறாத தங்கம் அது. அவ்வாண்டு அக்டோபரில் ஓய்வை அறிவித்தார்.

அன்பர்களே! நம் காலனிச் சிறுமியர் மைதானத்தில் குட்டிக்கரணம் போட்டால், "விழுந்து வைக்காதே, போய்ப் படி" என்று அதட்டுகிறோம். மதிப்பெண்ணில் நான்காமிடம் வந்தாலோ முகம் சுளிக்கிறோம். நான்காமிடம் பெற்றவர் எட்டாண்டுகள் கழித்துத் தங்கம் வென்றதை நினைவிற்கொள்வோம். பழமொழி அஞ்சுவதற்கு மட்டுமன்று. தப்பாமல் கரணம் போடக் கற்பதற்கும் உரியது.