வங்கத்திற் பயின்ற யப்பானியத் தூரிகை

1897 ஆம் ஆண்டு தை மாதத்திற் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணத்துக்கு எழுந்தருளி, இந்துக் கல்லூரியில் வேதாந்தம் பற்றிச் சொற்பொழிவாற்றியதை நம்மவர் நன்கறிவர். ஐந்தாண்டின் பின், அவரைத் தம் நாட்டுக்கு அழைக்க விரும்பி யப்பானிலிருந்து ஓர் அறிஞர் கல்கத்தா வந்தார் என்பது அத்துணை அறியப்படாதது. அவர் ஒககுரா காகுசோ. 1902 இன் தொடக்கத்திற் சுவாமிகளோடு புத்தகயைக்குச் சென்ற அவர், தாகூர் குடும்பத்தாரோடும் நட்புப் பூண்டார். அந்நட்பே இந்திய ஓவியர் சிலரை மீண்டும் மாணாக்கராக்கிற்று.

1903 இல் ஒககுராவின் மாணாக்கரான யொகோயாமா தைக்கன், ஹிஷிதா ஷுன்சோ என்னும் இருவர் கல்கத்தா வந்தனர். ஐரோப்பிய முறையை முன்னரே கற்றிருந்த அவனீந்திரநாத தாகூர், தைக்கன் அகன்ற தூரிகையால் நீர் பூசி வரைவதை அருகிருந்து நோக்கினார். நோக்கியவர் ஒருபடி மேற்சென்று, தாள் முழுவதையுமே நீரில் தோய்த்தெடுத்தார். வங்க ஓவியத்தின் மூடுபனி போன்ற நீர்மைப் பாணி இவ்வாறு பிறந்தது. இதனை யப்பானிய மரபு என்று கூறுவாருளர். அக்கூற்று எமக்கு உடன்பாடன்று. மைக்கோட்டைக் கைவிட்டமைக்காக அவ்விருவரும் தம் நாட்டிலேயே 'மங்கற் பாணியினர்' என எள்ளப்பட்டவர். எனவே வங்கம் முதலிற் கற்றது அம்மரபினின்று விலகிய ஒரு கிளையையேயாம்.

மரபின் உயிர்நிலை கோடு. விளக்குக் கரியையும் பசையையும் சேர்த்துறையவைத்த மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு உரைப்பதே தொடக்க மாணாக்கனின் முதற் பாடம். பின்னர் தூரிகையை நிமிர்த்திப் பிடித்து, விரலால் அன்றித் தோளால் இயக்கி, மூங்கிலைக் கணுக்கணுவாக வரைதல் வேண்டும். தாள் மையை உடனே உறிஞ்சிவிடும், அழித்தெழுத இடமில்லை. நம் ஏட்டெழுத்தின் கீறலிற் பூசப்பட்டதும் கரியே. எழுத்தாணியும் பிழை பொறுப்பதன்று. ஆதலின் இப்பயிற்சி நமக்கு முற்றும் அந்நியமானதெனத் தோன்றவில்லை.

இக்கோட்டை வங்கத்தார்க்குப் பயிற்றியவர், இரவீந்திரநாதரின் அழைப்பின்பேரில் 1916 இன் இறுதியில் வந்த அராய் கம்போ. விசித்திரா கலைக்கூடத்தில் நந்தலால் போஸ் அவரிடம் மையும் தூரிகையும் பயின்றார். ஆசிரியரோ அசந்தாவுக்குச் சென்று நம் சுவரோவியங்களைப் படியெடுத்தார். எவர் ஆசிரியர், எவர் மாணாக்கர் என்று பிரித்துரைப்பது இங்கு அரிது.

1924 இற் கவியரசரோடு யப்பானுக்குச் சென்ற நந்தலால், 1934 இல் அவரோடு இலங்கைக்கும் வந்தார். கவியரசர் யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் அப்பயணத்திலேயே. ஒககுரா 1913 இல் இறக்கும்வரை பணியாற்றிய பொஸ்ரன் நூதனசாலையில், 1917 இற் பொறுப்பேற்றவர் நம் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

நந்தலாலின் மாணாக்கர் வினோதவிகாரி முகர்ஜி, பிறவியிலேயே பார்வை குன்றியவர். 1937 இல் யப்பானுக்குச் சென்று அந்நாட்டு ஓவியச் சுருள்களை நேரிற் கண்டு பயின்றார். 1950களிற் கண்ணொளி முற்றாக நீங்கியது. அதன் பின்னரும் அவர் வரைவதை நிறுத்தினாரல்லர்; 1972 இற் சாந்திநிகேதனக் கலாபவனத்துச் சுவரொன்றிற் கையால் தடவி உணர்ந்தே ஓட்டோவியம் அமைத்தார்.