ஏழாயிரம் கிலோமீட்டரும் ஒரு முழமும்

அந்தப் பாக்கெட் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வெள்ளி நிற உறை, உள்ளே சில கிராம் வெளிர் மஞ்சள் தூள்: பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா, அதாவது கல்ச்சர். உறையில் 50 யூனிட் என்று அச்சிட்டிருந்தால், ஏறக்குறைய 500 லிட்டர் பாலைச் சீஸாக்கும் வேலையைத் தொடங்கிவைக்க அது போதும். சென்னைப் புறநகர் அயனம்பாக்கத்தில் வீட்டிலேயே சீஸ் செய்து பார்க்கும் ஒருவரிடம் அவ்வளவு பால் ஏது? அவர் ஒரு தடவைக்கு எடுப்பது பத்து லிட்டர். இந்தப் பாக்கெட்டின் கஷ்டமெல்லாம் அந்தக் கணக்கில்தான் ஆரம்பிக்கிறது.

பிறந்த இடத்திலிருந்து வருவோம். டென்மார்க்கில் கிறிஸ்டியன் ஹான்சன் என்ற மருந்தியலாளர் 1874-ல் ஒரு நிறுவனம் தொடங்கினார். முதலில் விற்றது கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த, பாலைத் திரையவைக்கும் ரென்னெட். பாக்டீரியாவை வளர்த்து விற்பது பிறகு வந்தது. கோபன்ஹேகனுக்கு வடக்கே ஹோர்ஷோல்மைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த நிறுவனம், 2024 ஜனவரியில் நோவோசைம்ஸுடன் இணைந்து நோவோனெசிஸ் ஆனது. இதுபோன்ற ஆலைகளில் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் முதலிய பாக்டீரியாக்களைப் பெரிய தொட்டிகளில் வளர்த்து, சுழற்றிப் பிரித்து, சர்க்கரை வகைகளோடு கலந்து உறையவைக்கிறார்கள். பிறகு வெற்றிடத்தில் வைக்கிறார்கள். காற்றழுத்தம் சாதாரண அளவில் ஆயிரத்தில் ஆறு பங்குக்கும் கீழே போனால் பனிக்கட்டி உருகாது, நேரே ஆவியாகிவிடும். மிஞ்சும் ஈரம் நூற்றுக்குச் சில பங்குதான்.

இந்த வித்தை புதிதல்ல. பாரிஸில் தார்சன்வாலும் போர்தாவும் 1906-லேயே இப்படி உலர்த்திக் காட்டினார்கள். அமெரிக்க வேளாண் துறையில் பால் ஆராய்ச்சி செய்த லோர் ராஜர்ஸ் 1914-ல் உலர்த்திய பாக்டீரியாக்களைப் பற்றி எழுதினார். இரண்டாம் உலகப் போரில் ரத்தப் பிளாஸ்மாவைப் போர்முனைக்கு அனுப்ப வேண்டியிருந்ததால்தான் அது பெரிய தொழிலாக வளர்ந்தது. முன்பெல்லாம் சீஸ் ஆலைக்காரர்களும் நம் வீட்டு உறைமோர் வழியில்தான் இருந்தார்கள்: இன்றைய உறையிலிருந்து கொஞ்சம் நாளைக்கு. ஒரு நாள் தவறினால் வம்சமே போயிற்று. இப்போதோ ஒரு பாக்கெட்டை மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் 24 மாதம் வரை தாங்கும் என்கிறார்கள். சாதாரண ஃப்ரிட்ஜின் ஐந்து டிகிரியில் குறைந்தது ஆறு வாரம்.

நம் நாட்டிலும் இதே முறைதான். கர்னாலில் தேசியப் பால் ஆராய்ச்சி நிறுவனத்தின் கல்ச்சர் சேகரிப்பு, உலர்த்திய பாக்டீரியாவைக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துத் தருகிறது. ஆவடியைத் தாண்டிக் கொடுவேளியில் உணவு, பால் தொழில்நுட்பக் கல்லூரியே இருக்கிறது. கல்ச்சர் என்றால் என்ன என்று கேட்க அயனம்பாக்கத்துக்காரர் டென்மார்க் போக வேண்டியதில்லை.

பயணத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் விமானம், சுங்கம், இறக்குமதியாளரின் குளிர்க் கிடங்கு, தெர்மகோல் பெட்டி, கடைசியாக அம்பத்தூர் எஸ்டேட் வெயிலில் ஒரு டெலிவரி பையனின் முதுகுப் பை. வழியில் குளிர் விட்டுப்போனாலும் சில நாளைக்குத் தூள் பெரிதாகக் கெடாது. காரணம், அலுமினியப் படலம் வைத்த அந்த உறைக்குள் ஈரம் நுழைய முடியாது. தண்ணீர் இருந்த இடத்தைச் சர்க்கரை பிடித்துக்கொண்டு, கண்ணாடியாக இறுகிச் செல்களை அசையாமல் வைத்திருக்கிறது. ஈரம் பட்டால் அந்தக் கண்ணாடி இளகும். பாக்டீரியா பாதி விழிக்கும். தின்னப் பாலில்லை, சுற்றிலும் ஆக்ஸிஜன். செத்துப்போகும். இதனால்தான், மிக்ஜாம் புயலின்போது நடந்ததுபோல் நாள்கணக்கில் மின்சாரம் போனாலும், பிரிக்காத பாக்கெட்டுக்காக நான் அவ்வளவு பயப்பட மாட்டேன். பிரித்ததற்குத்தான் பயப்படுவேன்.

ஃப்ரீஸரிலிருந்து அடுப்பு மேடைக்கு ஒரு முழம் தூரம் இருக்குமா? அங்கேதான் கொலை நடக்கிறது. அயனம்பாக்கத்தில் ஏரியும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 18-ல் அதே காற்று ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மீதி? குளிர்ந்து கிடக்கும் எதன்மேலும் வியர்வையாகப் படியும். பாக்கெட்டை எடுத்த கையோடு பிரித்தால் தூளின்மேலேயே படியும். பத்துப் பத்து லிட்டராகச் சீஸ் செய்பவர் ஒரு பாக்கெட்டை ஐம்பது தடவை பிரிக்கிறார். மழை நாளில் அப்பள டப்பாவை ஐம்பது தடவை திறந்தால் என்ன மிஞ்சும்?

முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் பாலில் கொட்டச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். பல ரகம் கலந்த தூளில் ஒரு சிட்டிகைக்கும் அடுத்த சிட்டிகைக்கும் கலவை மாறிவிடலாம் என்பது அவர்கள் வாதம். நியாயம்தான், ஆனால் அது ஆலைக்கான நியாயம். வீட்டுக்காரருக்கு என் யோசனை: ஒரே ஒரு தடவை பிரியுங்கள். பாக்கெட்டை மூடியபடியே வெளியில் வைத்து, அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். ஏசி ஓடும் அறையில், நன்றாகக் குலுக்கி, நகை எடை பார்க்கும் சின்னத் தராசில் பத்து லிட்டருக்கான பங்குகளாக நிறுத்து, ஒவ்வொன்றையும் காய்ந்த குட்டி டப்பியில் போடுங்கள். எல்லா டப்பிகளையும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியில் அடைத்து ஃப்ரீஸருக்குள் தள்ளுங்கள். ஜெல் நிறம் மாறினால் வெதுவெதுப்பான ஓவனில் வாட்டினால் போதாது, 120 டிகிரி வேண்டும். ஜிப் லாக் கவரை மட்டும் நம்ப வேண்டாம். பிளாஸ்டிக் வழியே நீராவி மெதுவாக நுழையும்.

தூள் கட்டிகட்டியாக நமத்துப்போயிருந்தால், காய்ச்சி ஆறவைத்த ஒரு டம்ளர் பாலில் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். மறுநாள் காலையிலும் பால் புளிக்காமல் இருந்தால் தயங்காமல் குப்பையில் போடுங்கள். அந்தத் தூளை நம்பிப் பத்து லிட்டர் பாலை வீணாக்குவதைவிட அது லாபம்.