விடுதி ஸ்டோர் ரூமும் ஒரு நெற்களஞ்சியமும்

1966-ல் நான் விடுதி மெஸ் செயலாளர். எங்கும் அரிசித் தட்டுப்பாடு. நாடே அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்த வருஷம். இந்திய உணவுக் கழகம் தஞ்சாவூரில் முதல் மாவட்ட அலுவலகம் திறந்து (1965) ஓராண்டுதான் ஆகியிருந்தது. "கிடைக்கிறப்பவே வாங்கிப் போட்டுடணும்" என்று பர்மிட்டில் அறுபது மூட்டை அரிசி இறக்கினேன். அடியில் கட்டை போடவில்லை. சிமெண்டுத் தரையில், சுவரை ஒட்டியே அடுக்கினோம். ஐப்பசி மழையில் அடிவரிசை பூசணம் பூத்தது, மேல்வரிசையெல்லாம் வண்டு. நஷ்டம் மெஸ் பில்லில் ஏறியது. கட்ட முடியாமல் என் அறைத்தோழன் படிப்பையே விட்டு ஊருக்குப் போய்விட்டான்.

பல வருஷம் கழித்து, பாபநாசம் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலக் களஞ்சியத்தைப் பார்த்தேன். செங்கல் கட்டடம், 3,000 கலம் நெல் கொள்ளுமாம். அரிசியாக அல்ல, நெல்லாகவே வைத்தார்கள். உமி இருக்கும்வரை வண்டு சுலபத்தில் உள்ளே போகாது, தேவைப்படும்போது குத்திக்கொள்ளலாம். ரகுநாத நாயக்கரின் ஆட்சி வருஷங்களைப் பரீட்சைக்கு நெட்டுருப் போட்ட சரித்திர மாணவன் நான். இது மட்டும் தெரியவில்லை!

தோழன் பெயரை இங்கே போடவில்லை. இந்த மலர் அவன் கைக்குக் கிடைத்தால் ஒரு கார்டு போடட்டும். அந்த மாசத்துப் பாக்கி என்னுடையது.